குத்தாலத்திலிருந்து மூன்று நேயர்கள்

குத்தாலம் பிரகதாம்பாள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. கணவர் வீரையன், மாமியார், மகன் சூர்யபிரகாஷ், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு கொள்ளாத கூட்டம். விடிந்ததிலிருந்து எல்லோரும் அவரிடம்தான் பேசுவார்கள். சார்ஜர் எங்கே, கைலி காய்ந்ததா, நடவு ஆட்களுக்கு டீ போயாச்சா, சர்க்கரை மாத்திரையை எங்கே வைத்தாய். ஐம்பத்தாறு வயதில் அந்த அம்மாள் பதில் சொல்லாத கேள்வி பாக்கியில்லை. அவரைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

கேட்டது வானதிதான். தஞ்சாவூரில் ஒரு தனியார் பண்பலையில் காலை நேரத்து நேயர் விருப்பம் நடத்துகிற பெண். அடுப்படி ரேடியோவில் அதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்த பிரகதாம்பாள் ஒருநாள் துணிந்து போன் போட்டார். சாப்பிட்டீர்களா, என்ன குழம்பு, குரல் ஏன் சோர்ந்திருக்கிறது என்று வானதி அடுக்கிக்கொண்டே போனாள். மூட்டுவலி என்றார். டாக்டரிடம் காட்டினீர்களா என்றாள். பிரகதாம்பாள் கீரையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன பாட்டுக் கேட்டார் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. வாயில் வந்த ஏதோ ஒரு பழைய மெலடி.

மறுநாளும் கூப்பிட்டார். தினமும் ஒருவரே பேசக்கூடாது, மற்றவர்களுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது நிலையத்து விதி என்றாள் வானதி. நியாயம்தானே. பிரகதாம்பாளும் மற்றவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார். அடுத்த நாள் கூத்தாநல்லூர் கமருன்னிஸா பேசினார். அதற்கடுத்த நாள் திருக்கடையூர் அம்சம். கண் ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கமான இரண்டு பெண்களின் பெயர்கள் அவை; குரல் மட்டும் இவருடையது. கமருன்னிஸா வீட்டில் இறால் ஆணம் கொதிப்பதாகச் சொல்லும்போது குத்தாலத்து அடுப்பில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மூட்டுவலி தேவலையா என்று வானதி கமருன்னிஸாவை விசாரித்தபோதும் இந்த அம்மாள் சுதாரிக்கவில்லை. இப்போது பரவாயில்லை என்று சொல்லி முடித்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் நிலையத்துக்குப் புகழேந்தி வந்து சேர்ந்தார். தஞ்சாவூர் மண்ணுக்கு ஏற்ற பாட்டு எது என்று கண்டுபிடிப்பதற்கென்றே சென்னையிலிருந்து அனுப்பப்பட்டவர். முதலில் ஊர்ப் பெரிய மனிதர்களை விசாரித்தார். தஞ்சாவூர் என்றால் சங்கீதம்தான், அதில் என்ன சந்தேகம் என்றார்கள். காலை முழுக்கக் கச்சேரியாகப் போட்டார். சொன்ன பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். குத்துப்பாட்டுக்கு மாறினார். இளைஞர்கள் அதையெல்லாம் செல்போனிலேயே விளம்பரத் தொல்லை இல்லாமல் கேட்டுவிட்டிருந்தார்கள். கடைசியில் நேயர் விருப்பத்துக்கு வந்த அழைப்புகளை அலசினார். கண் திறந்தது. விவசாயக் குடும்பம், முஸ்லிம் குடும்பம், கோயில் ஊர்க் குடும்பம் எல்லாமே பழைய மெலடிதான் கேட்கின்றன. சாதி மதம் கடந்த ரசனை! திருக்கடையூரில் நம் அலைவரிசை வெறும் இரைச்சலாகத்தான் விழும் என்று இன்ஜினியர் சொல்லிப் பார்த்தார். இரைச்சலிலும் கேட்கிறார்கள் என்றால் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும் என்று புகழேந்தி நெகிழ்ந்துபோனார்.

மெலடி என்பது முடிவாயிற்று. பாட்டுக்கு நடுவே பேச்சு தேவையா என்பதுதான் மிச்சம். தேவையில்லை என்றால் ஒரு சம்பளம் மிச்சம். அதை நேயர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று, சிறந்த நேயர் பரிசாக ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு குத்தாலத்துக்கே வந்துவிட்டார். வீட்டார் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். பிரகதாம்பாள் வாயைத் திறந்ததும் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று புகழேந்திக்குத் தோன்றியது. காவிரித் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் குரல் வாய்க்கும்போல என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

"நீங்க பாட்டுக்காகக் கூப்பிடுறீங்களாம்மா, இல்ல பேசுறதுக்கா?" என்று கேட்டார்.

வீரையன் மனைவியை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மாமியார் காதைத் தீட்டிக்கொண்டார். புகழேந்தியோடு வந்த பையன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். வீடு நிறைய ஆட்கள் இருக்க, முகம் தெரியாத பெண்ணிடம் நலம் விசாரிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

"பாட்டுக்குத்தான் சார்," என்றார் பிரகதாம்பாள். "பேச்சுக்கு எங்க வீட்டுல என்ன குறைச்சல்?"

அடுத்த வாரமே பேச்சில்லாத மெலடி ஆரம்பமாகிவிட்டது. வானதியை நிறுத்திவிட்டார்கள். கூடத்தில் வைத்த ஸ்பீக்கர் நாள் முழுக்க அலறியது. அதற்கு மேல் குரலை உயர்த்தித்தான் வீரையன் காபி கேட்க வேண்டியிருந்தது. பிரகதாம்பாள் நிலையத்துக்குப் போன் போட்டால், எந்தப் பாட்டுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று பதிவு செய்த குரல் ஒன்று சொல்லியது. அவருக்கு வெறுத்துப்போயிற்று. ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண் இப்போது தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் மைக் பிடித்துத் தள்ளுபடி அறிவிக்கிறாள். பேத்திக்குப் பாவாடை எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

கடைக்குள் மாடிப்படி ஓரமாக ஒரு ஒல்லியான பெண் மைக்கோடு நின்றாள். வானதியா என்று இவர் கேட்டதுதான் தாமதம், அவள் மைக்கை அணைத்துவிட்டாள்.

"வாங்கம்மா. இன்னைக்கு வந்திருக்கிறது யாரு, பிரகதாம்பாளா, கமருன்னிஸாவா?"

பிரகதாம்பாளுக்கு முகம் வெளிறிவிட்டது. தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டாவது பேரு சொன்னப்பவே தெரியும். வேற யாரும்மா கூப்பிட்டா? நீங்க மூணு பேரும் இல்லன்னா என்னை எப்பவோ நிறுத்தியிருப்பாங்க."

"நிறுத்த வெச்சதே நாந்தாம்மா. பாட்டு போதும்னு சொல்லிட்டேன்."

"அந்தப் போட்டோவ ஆபீஸ்ல பாத்தேன். வீடே சுத்தி நிக்குது. வேற என்ன சொல்லியிருப்பீங்க?"

பிரகதாம்பாள் அங்கேயே அழுதுவிட்டார். புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. வானதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்கள், என்னவென்று சொல்லுங்கள் என்றாள். பிரகதாம்பாள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது மாடியில் பட்டுப்புடவைக்கு எவ்வளவு தள்ளுபடி என்று அடுத்த அரைமணி நேரம் அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை.