பசு நேரம்

அல்ஃப் பாஸ்கோவின் காற்சட்டைகளைத் துவைக்கப் போடுமுன் நெரிடா கோக்லன் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு பையில் ஜன்னல் திரையின் கயிறு, ஒன்றரை முழம். இன்னொன்றில் யாரோ ஒரு கிழவியின் மேலங்கிக் கச்சை. பின்பையில் பாதி தின்ற பிஸ்கட், அதைச் சுற்றியும் ஒரு கயிறு. பிஸ்கட்டைக் குப்பையில் போட்டாள். கயிறுகளைச் சுருட்டிப் பழைய காப்பி டப்பாவில் வைத்தாள். சாயங்காலம் அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். மாடு வைத்துப் பிழைத்த மனுஷன் கயிறு இல்லாமல் நாலு அடி நடக்கமாட்டார். காரிங்கல் முதியோர் இல்லத்தில் அது தெரிந்த ஆள் தான் ஒருத்திதான் என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்தில் அவளுக்கு ஒரு சுகமும் இருந்தது.

நெரிடாவுக்கு வயது அறுபத்திரண்டு. ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் அவள் கால் படாத தொழுவம் கிடையாது. பண்ணைக்காரனுக்குக் கால் ஒடிந்தால், அவன் மகளுக்குக் கல்யாணம் வந்தால், அவளைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவன் மாட்டைக் கறந்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு இந்தச் சலவை அறை. புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். கேட்டால், "தூறல் விழுமுன்னே கூரைக்குள்ள ஓடுற ரகம்" என்பாள். அத்தோடு அவன் கதை முடிந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட எவரையும் அவள் மதித்ததில்லை. முக்கியமாக மேலாளர் கெய்னரை. கெய்னர் எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுவாள். கிழவர்கள் மலம் கழித்ததற்கு ஒன்று, சிரித்ததற்கு ஒன்று.

அல்ஃபுக்கு எண்பத்திநாலு. மறதி நோய் வந்து மகள் பெயர் போய்விட்டது, வருஷம் போய்விட்டது; பால் கறக்கும் நேரம் மட்டும் போகவில்லை. மத்தியானம் மூன்று மணி ஆனால் எழுந்துவிடுவார். சாப்பாட்டு அறைக் கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டித் திறந்து வைப்பார். பிறகு நடைவண்டி தள்ளும் கிழவிகளை எல்லாம் தாழ்வாரத்தில் ஓட்ட ஆரம்பிப்பார். "ஹோ, வாங்கடி வாங்கடி, நேரமாச்சு." பின்தங்கினவளுக்குப் புட்டத்தில் ஒரு தட்டு. வங்கி மேலாளரின் விதவை மிஸஸ் லாக்யர் வாங்கிய தட்டு புகார்க் கடிதமாகித் தலைமை அலுவலகம் வரை போயிற்று. ஒருநாள் வழியை மறித்த பணிப்பெண்ணின் மணிக்கட்டை முறுக்கிவிட்டார். அதை விளையாட்டு என்று நெரிடாவும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு அவரை மறிக்காமல் முற்றத்தைச் சுற்றி ஒரு நடை கூட்டிப்போங்கள் என்று மட்டும் கெய்னரிடம் சொல்லிப் பார்த்தாள். அதற்கு ஆள் இல்லை, விழுந்தால் யார் பொறுப்பு, சலவை அறை ஆட்கள் குடியிருப்பவர்களைத் தொடவே கூடாது என்று ஒரு தாள் கைக்கு வந்தது. நெரிடா அதில் சோப்புத்தூள் மடித்து வைத்தாள்.

இன்னொரு கை முறுக்கல் நடந்தால் நகரத்து மருத்துவமனையின் பூட்டிய பிரிவுதான் என்று அல்ஃபின் மனைவி எனிட்டுக்குச் சொல்லப்பட்டது. காரில் இரண்டரை மணி நேரம். எண்பது வயது எனிட் ஊர் எல்லையைத் தாண்டி வண்டி ஓட்டமாட்டாள். தினம் பத்து மணிக்கு வந்து, அவருக்கு முகம் வழித்து, மத்தியானச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போகிறவள், இனி மாதம் ஒருமுறை மகள் தயவில் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஹாஸ்லம் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். மண்டையைத் திறக்க வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். காந்தச் சுருளைத் தலைக்கு மேல் பிடித்தால் மூளையின் கொந்தளிப்பு அடங்கலாம், அதைத்தான் சோதிக்கிறோம் என்றார். அவர் "அடங்கலாம்" என்றுதான் சொன்னார். கெய்னர் காதில் "அடங்கும்" என்று விழுந்தது. எனிட் கையெழுத்துப் போட்டாள்.

நெரிடாவுக்கு அவரைக் கண்டதுமே ஆகவில்லை. சப்பாத்தில் பொட்டுச் சேறு இல்லை. வடக்கே குயின்ஸ்லாந்து மாநிலத்துக்காரர் வேறு. இதையெல்லாம்விட மோசம், நல்ல மனுஷராக இருந்தார். அல்ஃபோடு பேசுகிறபோது மண்டியிட்டு, கண்ணுக்கு நேராகப் பேசினார். நல்ல மனுஷரை இளக்காரம் பண்ணக் கொஞ்சம் கூடுதலாகப் பாடுபட வேண்டும். அவள் பாடுபட்டாள்.

நாலு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், தினம் இருபது நிமிஷம் அந்தப் பெட்டி டக் டக் என்று அடித்தது. அல்ஃப் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு ஒத்துழைப்பு என்று டாக்டர் வியந்தார். படுக்கைத் துணி எடுக்க வந்த நெரிடாவைப் பார்த்து அல்ஃப் கண்ணடித்தார்.

"கரண்டு வேலி நல்லா அடிக்குது பொண்ணே. இன்னிக்கு ஒண்ணும் தாண்டாது."

மின்வேலிப் பெட்டி அடிப்பதும் அதே சத்தம்தான். அது அடிக்கிறவரை எந்தப் பண்ணைக்காரனும் நிம்மதியாக உட்காருவான்.

டாக்டரின் உதவியாளர் ஒருத்தி தினம் இரண்டரையிலிருந்து மூன்றரை வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அல்ஃப் செய்யும் ஒவ்வொரு ரகளைக்கும் ஒரு கோடு போட்டாள். முதல் வாரம் பதினொரு கோடு. இரண்டாம் வாரம் பன்னிரண்டு. மூன்றாம் வாரம் ஒன்றுகூட இல்லை. நாலாம் வாரமும் இல்லை. சிகிச்சை பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்று எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். கெய்னர் கேக் வாங்கி வந்தாள். நெரிடா இரண்டு துண்டு தின்றாள். கேக் மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

இரண்டாம் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் வந்தது அக்டோபர் முதல் ஞாயிறு. அந்தத் தென்கோடி நாட்டில் அப்போது தொடங்கும் கோடைக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். மாட்டுக்கு அரசாங்க உத்தரவு எட்டாது. நேற்று மூன்று மணிக்குக் கனத்த மடி, இன்று கடிகாரம் நாலு காட்டும்போதுதான் கனக்கும். அந்தக் குன்றுகளில் பல வீடுகளில் இரண்டு கடிகாரம் உண்டு, சமையலறையில் ஒன்று, தொழுவத்தில் ஒன்று. தொழுவத்துக் கடிகாரத்தை அல்ஃப் ஆயுசில் தொட்டதில்லை. அது காட்டுவது பசு நேரம். இப்போது தொழுவமும் இல்லை, கடிகாரமும் இல்லை. நேரம் மட்டும் அவர் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றரைக்கு உதவியாளர் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். நாலு மணிக்கு அல்ஃப் எழுவார். அந்நேரம் பணியாளர்கள் அத்தனை பேரும் வேலை முறை மாறும் பேச்சுக்காக ஓர் அறைக்குள் அடைந்திருப்பார்கள். தாழ்வாரத்தில் துணிவண்டியோடு நெரிடா மட்டும். அவர் கையில் கயிற்றைக் கொடுப்பாள். வண்டியை முன்னால் தள்ளுவாள். பின்னால் "வாங்கடி வாங்கடி" என்று அவர். முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, வாசற்படலை அவர் கட்டுவார்.

"எல்லாம் உள்ள வந்துடுச்சா? எண்ணினியா?"

"எண்ணிட்டேன் அல்ஃப்."

பிறகு தேநீர். மொத்தம் இருபது நிமிஷம்.

சிகிச்சை முடிந்து வியாழக்கிழமை கூட்டம் வைத்திருந்தார்கள். கடிகாரத்தைப் பற்றிய அந்த ஒரே வாக்கியத்தை நெரிடா இரண்டு வாரமாக மிட்டாய் மாதிரி வாய்க்குள் அதக்கி வைத்திருந்தாள், அத்தனை பேர் முன்னாலும் துப்புவதற்காக. வியாழன் காலை எனிட் சலவை அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நாலு மணிக்கு அவரைக் கூட்டிட்டுச் சுத்துறது நீதானே?"

"யார் சொன்னா?"

"படல்ல இருந்த முடிச்சு சொல்லுச்சு. அம்பத்தெட்டு வருஷம் அந்த முடிச்சை அவுத்து நகம் போனவ நான்."

"அப்ப உங்களுக்கே தெரியும். காந்தமாவது கத்திரிக்காயாவது, எனிட். கடிகாரம் மாறினதுகூடத் தெரியாத கூட்டம்."

"எனக்கு அந்த ஞாயித்துக்கிழமையே தெரியும். அவங்க தாள் வெறுசா இருக்கிற வரைக்கும்தான் அவரு இங்க இருப்பாரு. நீ வாயத் தொறந்தா நடையும் போச்சு, அவரும் போனாரு."

"அதுக்காக இந்த டாக்டரு ஊர் ஊராப் போயி, இது குணமாக்குதுன்னு சொல்லட்டுமா? நாளைக்கு இதை வேறொருத்தர் தலையில கொண்டுபோய் வைப்பாங்களே."

"அந்த வேறொருத்தருக்கு அவரு பொண்டாட்டி இருப்பா," என்றாள் எனிட். "எனக்கு இவருதான்."

அன்றுவரை எனிட்டை நெரிடா இளக்காரமாக நினைத்ததில்லை. அன்று நினைத்தாள். காய்ந்த துண்டுகளை மடிக்கிற சாக்கில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் தொலைக்காட்சி அறையில், மூன்றரைக்கு. டாக்டர் கேட்டுக்கொண்டதால் நெரிடாவையும் அழைத்திருந்தார்கள். டாக்டர் ஒரு படம் காட்டினார். வாரத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பம் உயரமாக, பிறகு வெறும் தரை. எனிட் கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

நெரிடாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்க ஊர்ல கடிகாரத்தைத் தள்ளுறதே இல்லையாமே டாக்டர்?"

"இல்லவே இல்ல." அவர் சிரித்தார். "வெயில் ஒரு மணி நேரம் கூடிட்டா ஜன்னல் சீலை வெளுத்துடும்னு எங்க ஆளுங்களுக்குப் பயம்."

"மாடு குழம்பிடும்னும் சொல்வாங்களே."

"அதுவும்தான்."

கெய்னரும் சேர்ந்து சிரித்தாள். கடிகாரம், மாடு என்று கதவை அகலத் திறந்துவிட்டாலும் உள்ளே வராமல் வாசலில் நின்று சிரிக்கிற படிப்பு என்ன படிப்போ. வாக்கியம் நெரிடாவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

டாக்டர் சிரிப்பை விட்டுவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க அவரைத் தினம் பார்க்கிறீங்க. நிஜமாவே மாற்றம் தெரியுதா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க நெரிடா. அதுவும் எனக்கு அவ்வளவு முக்கியம்."

இப்படி ஒருத்தர் கேட்டு அவள் பார்த்ததில்லை. எனிட் தரையைப் பார்த்தாள். சேறு படாத சப்பாத்தை நெரிடா ஒருமுறை பார்த்தாள். அதில் இளக்காரம் பண்ண ஒன்றும் அகப்படவில்லை. அறையில் அதற்கு மிச்சம் இருந்த ஆள் நெரிடாவேதான்.

சுவர்க் கடிகாரத்தில் நாலுக்கு இரண்டு நிமிஷம். வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி பின்னால் உரசியது. கெய்னர் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

நெரிடா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நெரிடா?" என்றார் டாக்டர்.

மேலங்கிப் பையில் கயிறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே அவள் வெளியே போய், கதவை இழுத்துச் சாத்தினாள்.