இரண்டு ராஜாக்களை எறிந்த பக்தவத்சலம்

சீட்டு விஷயத்தில் எங்கள் கருங்குழி பக்தவத்சலத்துக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் லோடு வண்டி ஸ்டாண்டில், சவாரி இல்லாத மத்தியானங்களில் நாங்கள் ஆடுவது முந்நூற்று நாலு என்கிற ஆட்டம். அதில் ஜாக்கிதான் பெரிய ஆள், முப்பது புள்ளி. அடுத்தது ஒன்பது. ராஜாவுக்கு வெறும் மூன்று. ராஜா கைக்கு வந்தால் மனிதர் முகம் சுளிப்பார்.

போன மாதம் அவருக்குப் பேத்தி பிறந்தாள். மனைவி ஞானம்பாளின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சம்பந்தி ராகவன், சஹானா என்றார். மகனும் மருமகளும் நீங்களே பேசி முடியுங்கள் என்று நழுவிவிட்டார்கள். பெயர் வைக்கும் நாள் காலையிலும் சம்பந்திகள் இருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் ராகவன், ஒரே ஒரு ஆட்டம் போக்கர் போட்டுத் தீர்த்துக்கொள்வோம் என்றார். சீட்டு என்றதும் நம்மவருக்கு வாயெல்லாம் பல்.

ராகவன் பொறுமையாக விளக்கினார். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாத சீட்டை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். இருவருக்கும் ஜோடி சேர்ந்தால் பெரிய ஜோடி ஜெயிக்கும். ஏஸ் பெரியது, பிறகு ராஜா, ராணி, ஜாக்கி. ஞானம்பாள்கூடக் கவனமாகக் கேட்டார். பக்தவத்சலம் காதில் வாங்கினால்தானே! எது பெரிய சீட்டு என்று தனக்கா தெரியாது என்ற மிதப்பு.

விசேஷத்துக்குப் போயிருந்த நான்தான் சீட்டுப் போட்டேன். அவர் கையை எட்டிப் பார்த்தேன். இரண்டு ராஜா, ஒரு ஜாக்கி, ஒரு ஒன்பது, ஒரு ஐந்து. மகாராசன் இரண்டு ராஜாவையும் ஐந்தோடு சேர்த்துக் குப்பை மாதிரி எறிந்தார். சொல்லலாமென்றால், வேடிக்கை பார்ப்பவன் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஸ்டாண்டு சட்டம். பக்கத்தில் நின்ற ஞானம்பாளாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மாற்றிய சீட்டில் இன்னொரு ஜாக்கி வந்தது. "ஜாக்கி ஜோடி, சம்பந்தி" என்று மீசையைத் தடவினார் பக்தவத்சலம். ராகவன் காட்டியது ராணி ஜோடி.

ராணியாவது, ஜெயிப்பதாவது என்று எகிறியவருக்கு ராகவன் மறுபடி விளக்க வேண்டியதாயிற்று. எறிந்ததைப் புரட்டிப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

ஞானம்பாள் அவர் தோளில் கை வைத்தார். "நீ ராஜாவ தூக்கிப் போடறப்பவே பாத்துக்கினுதான் இருந்தேன். அந்தப் பேரு எனக்கே புடிக்காது. கொழந்தைக்கு இன்னாத்துக்கு?"

இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று திகைத்தார் பக்தவத்சலம்.

"நீ எங்க கேட்ட?" என்று சொல்லிவிட்டு, சஹானாவைத் தூக்கப் போனார் ஞானம்பாள்.