பச்சை முகத்தின் கீழ் அவள் பெயர்

அவள் என்னிடம் சொன்னாள். வயிறு வலிக்கிறதென்று இரண்டு முறை சொன்னாள். அவள் சொல்லவே இல்லை என்று அவளுடைய தாயிடம் நான் சாதித்தேன்.

நான்கு ஆண்டுகளாக நான் மறைத்து வைத்திருப்பது இதுதான். ஏன் என்று கேட்பீர்கள்... கேளுங்கள். முழுவதையும் சொல்கிறேன். என்மீது இரக்கம் மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. படப்பையிலிருந்து தினமும் போய்வருவேன். பிள்ளைகளுக்கு உணர்வுகளைக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்று என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தன் மனத்தில் இருப்பதைக் குழந்தை தானே அறிய வேண்டும், அதற்குப் பெயர் சொல்ல வேண்டும், அடுத்தவரின் வலியையும் உணர வேண்டும் என்றார்கள். நல்ல பாடம். அது என் கையில் வந்து சேர்ந்ததே, அதுதான் கொடுமை!

வகுப்பறையில் ஒரு முகப்பலகை மாட்டினேன். சிரிக்கும் பச்சை முகம், வாடிய மஞ்சள் முகம், அழும் சிவப்பு முகம். காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர்ச்சீட்டை அன்றைய மனநிலைக்கேற்ற முகத்தின் கீழ் குத்த வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எல்லோரும் வட்டமாக அமர்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும்.

அந்த வகுப்பில்தான் சங்கீதா இருந்தாள். பன்னிரண்டு வயது. தந்தை லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். தாய் அலமேலு, சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்று வேலை செய்பவர். மதிய ஷிப்ட். மகள் பள்ளி விட்டு வரும்போது தாய் வீட்டில் இருக்கமாட்டார். மகள் காலையில் கிளம்பும்போது தாய் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வட்டத்தைப் பார்க்க வெளியிலிருந்து சிலர் வந்தார்கள். தலைமையாசிரியரும் உடன் நின்றார். நான் என் இனிமையான குரலில், "இன்னைக்கு யாராவது ஒரு உண்மையான உணர்வைச் சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.

சங்கீதா கை தூக்கினாள்.

"நீங்க சிரிச்சா எனக்கு பயமா கீது டீச்சர். வாய் மட்டும்தான் சிரிக்குது."

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எவ்வளவு வெளிப்படையான குழந்தை என்று ஒருவர் கைதட்டினார். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே அவளைப் பார்த்தேன்...

அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். என் சிரிப்பு வாயைத் தாண்டியதில்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். அதை ஒரு சின்னப் பெண் கண்டுகொண்டாள், அதுவும் அத்தனை பேர் முன்னால்! ஒரு குழந்தையை வெறுக்க இது போதுமா? எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் அவளை அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, அவளை வட்டத்தின் நடுவில் உட்கார வைத்தேன்.

"சங்கீதாவால யார் யாருக்கு மனசு கஷ்டமாயிருக்கு? பயப்படாம சொல்லுங்க. நாம சொன்னாத்தானே அவளுக்குத் தெரியும்?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, "என் ஸ்கேல எடுத்துகினு திருப்பியே தரல டீச்சர்" என்றாள். நான் தலையசைத்துப் பாராட்டினேன். அந்தப் பாராட்டு மற்றவர்களுக்கும் வேண்டியிருந்தது. அவள் தலையில் எண்ணெய் நாற்றம் என்றான் ஒருவன். அவள் தன் பக்கத்தில் உட்காருவதே பிடிக்கவில்லை என்றாள் இன்னொருத்தி. "அவங்க அம்மா வூட்லயே இருக்கமாட்டாங்களாம் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தபோது, தடுத்திருக்க வேண்டியவள் நான்... தடுக்கவில்லை. "இதைக் கேட்டப்ப உனக்கு எப்படி இருந்தது?" என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டேன்.

இருபத்தாறு பிள்ளைகள். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும், "பகிர்ந்ததற்கு நன்றி" என்று அவளைச் சொல்ல வைத்தேன். இருபத்தாறு முறையும் சொன்னாள். கடைசியில் குரல் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

திங்கட்கிழமை அவள் பெயர் சிவப்பு முகத்தின் கீழ் இருந்தது. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "சிலருக்கு எப்பவும் எல்லாரும் தன்னையே பாக்கணும்" என்று சொல்லிச் சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். மறுநாள் பச்சைக்கு வந்தாள். அதற்குப் பிறகு எல்லா நாளும் பச்சைதான். எவ்வளவு நல்ல மாற்றம் என்று தலைமையாசிரியர் வியந்தார்!

நான்கு மாதங்கள் போயின. ஒரு புதன்கிழமை காலை அவள் என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், வயிறு வலிக்குது."

நான் நிமிரவில்லை. பலகையைக் கைகாட்டினேன். "பச்சையிலதானே வெச்சிருக்கே? அப்புறம் என்ன வலி?"

போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். வலப்பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். முகத்தில் வியர்வை. பார்த்தேன். ஆம், பார்த்தேன்! "கணக்குப் பரீட்சை வந்தா உனக்கு வலி வந்துடுமே" என்றேன். அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பரீட்சை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை பெயர்ச்சீட்டைப் பச்சையில் குத்திவிட்டு, பலகையின் அடியிலேயே சரிந்து விழுந்தாள்.

குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார்கள். அறுவை முடிந்த மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாசத்தினால் என்று நினைக்காதீர்கள். அவள் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

அலமேலு கம்பெனிச் சட்டையோடு கட்டிலருகே நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மூணு நாளா வலியாம் டீச்சர். டாக்டர் சொல்றாரு. உங்ககிட்டயாவது சொல்லிச்சா?"

சங்கீதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய். கண்கள் மட்டும் அசையாமல் என்மேல்.

"இல்லையேம்மா" என்றேன். "சொல்லியிருந்தா விட்டிருப்பேனா? வீட்ல அவ பேச்சைக் கேக்க ஆள் இல்லை. அதனாலதான் எல்லாத்தையும் உள்ளேயே வெச்சுக்கறா. நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

அலமேலு மகள் பக்கம் திரும்பினார். "நெஜமாவா கண்ணு? டீச்சர்கிட்டகூட சொல்லலியா?"

ஒரு நொடி... என் உயிர் அந்தப் பெண்ணின் வாயில் இருந்தது.

"சொல்லலம்மா" என்றாள் சங்கீதா.

பயத்தில் சொன்னாளா? இனி யாரிடம் எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சொன்னாளா? எனக்குத் தெரியாது. தாய் தன் நெற்றியில் மாறி மாறி அறைந்துகொண்டார். ஒரு நர்ஸ் ஓடிவந்து தடுத்தார். எனக்கு அப்போது என்ன உணர்வு தோன்றியது என்று கேட்கிறீர்களா? நிம்மதி. அது ஒன்றுதான்.

சங்கீதா பள்ளிக்குத் திரும்பவில்லை. வேறு பள்ளியில் சேர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் இப்போது மற்ற ஆசிரியர்களுக்கே பயிற்சி தருகிறேன். குழந்தை சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று பேசுகிறேன். குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் அலமேலு என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தார். கம்பெனி வேலையை விட்டு, மகள் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கும்படி ஒரு வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

"நீங்க அன்னிக்கு சொன்னது நெஜம் டீச்சர். நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன். இப்ப பக்கத்துலயே ஒக்காந்துகினு கீறேன். ஆனா அது வாயே தொறக்கமாட்டேங்குது. இன்னா கேட்டாலும் ஒண்ணுமில்லம்மான்னுது. ஒரு தபா வூட்டுக்கு வாங்களேன். உங்ககிட்டன்னா பேசும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அந்தத் தாயின் தலையிலிருந்து அத்தனையும் இறங்கியிருக்கும்...

"கண்டிப்பா வரேம்மா" என்றேன். என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

வாரத்துக்கு ஒருமுறையாவது அழைக்கிறார். நேற்றும் அழைத்தார். கைபேசியை மேசைமேல் வைத்து, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.