வாயப்பயம்: சரியா, தப்பா?

போன செவ்வாய்க்கிழமை ஒரு மனுஷன் பேசிய தமிழுக்கு நான் தப்பு போட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் வேறு எதை எழுதுவது?

சேவியர் அண்ணன் ராயபுரத்தில் என் அம்மா வீட்டுக்கு எதிர்வீடு. ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். சில மாதங்களாக வலிப்பு. மூளையில் இடது பக்கம் கட்டி, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். ஆனால் கட்டி பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருக்கிறதாம். கத்தி கொஞ்சம் தள்ளிப் பட்டால் பேச்சே போய்விடலாம். அதனால் பேச்சுக்கு மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று முதலில் ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

அந்த மிஷின் ஓர் ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. பல கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவானது. ஒருவர் விட்டால் அடுத்த டீம் வாசலிலேயே நிற்கும். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமே என்று அண்ணனும் ஸ்டெல்லா அண்ணியும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் வெளி அறையில் ஓர் ஒத்திகை. படம் காட்டுவார்கள், பெயர் சொல்ல வேண்டும். ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த உதவியாளர் அன்று லீவு. "நீங்கள் எழுத்தாளராமே... சரியாகச் சொல்கிறாரா என்று நீங்களே மார்க் பண்ணுங்கள்" என்று பேனாவைக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் படம். "வூடு" என்றார் அண்ணன்.

டாக்டரம்மா தன் காகிதத்தில் இங்கிலீஷ் எழுத்தில் இருந்த 'வீடு' என்பதைப் பார்த்தார். "சரியா?" என்று என்னைக் கேட்டார்.

சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா வீட்டுக்குப் போனால் நானும் அப்படித்தானே பேசுகிறேன்! ஆனால் அந்த ஏசி அறையில், அந்த இங்கிலீஷுக்கு நடுவில்... அது என் பேச்சும்தான் என்று காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. "உச்சரிப்பு சரியில்லை" என்றேன். தப்பு போட்டேன்.

கோழிக்கு "கோயி" என்றார். தப்பு. வாழைப்பழத்துக்கு "வாயப்பயம்". அதுவும் தப்பு. இப்படியே போனது.

டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். பேச்சு ஏற்கெனவே பாதித்துவிட்டது போலிருக்கிறது, இந்த நிலையில் எடுக்கும் படத்தை நம்பிக் கத்தி வைக்க முடியாது, முதலில் பேச்சு நிபுணரிடம் காட்டட்டும் என்றார். அடுத்த டீமை உள்ளே வரச் சொல்லிவிட்டார்.

நான் அதைச் சொன்னதும் அண்ணன் முகம் செத்துப்போனது. அண்ணி விடவில்லை.

"இன்னாம்மா இது? அவுரு கரீக்டாத்தானே சொன்னாரு? எங்க வூட்ல அல்லாரும் இப்டித்தான் பேசிகினு கீறோம். அப்போ அல்லாரு மண்டையிலயும் கட்டி கீதா?"

ஓடினேன். "அவர் சொன்னது சரிதான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்" என்றேன் டாக்டரம்மாவிடம்.

"பிறகு ஏன் தப்பு போட்டீர்கள்?"

கோபமாகக்கூட இல்லை. புரியாமல்தான் கேட்டார். பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குள் அடுத்த டீமின் ஸ்கேன் தொடங்கி, அறைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. இனி அடுத்த மாதம்தான் இடம். ஆபரேஷனும் அதுவரை தள்ளிப்போனது. டிரெயினில் மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் அண்ணன்.

சினிமாவில் எங்கள் பேச்சைக் கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இந்தப் பக்கத்திலேயே பொங்கியிருக்கிறேன். அடுத்தவர் செய்தால் கேவலம்... நானே செய்தால் நாகரிகம் – அப்படித்தானே?

நேற்று அண்ணியிடமிருந்து மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன்.

"காலீலேர்ந்து கண்ணாடி முன்னாடி குந்திகினு, நாக்க மடிச்சி மடிச்சி 'வாழைப்பழம்' சொல்லிப் பாத்துகினு கீறாரு. நீயாவது சொல்லும்மா" என்று போனை அண்ணனிடம் கொடுத்தார்.

"அண்ணே, நீ எப்டி சொன்னாலும் கரீக்ட்தான். டாக்டராண்ட சொல்லிட்டேன். இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"இருக்கட்டும் தங்கச்சி. அம்மாம் பெரிய எடத்துல, என்னால உன் மானம் போவக் கூடாதுல்ல?"

இனிமேல் போவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது, அண்ணே?