நண்டுக்குப் போட்ட சோறு

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நடக்க வந்த கையோடு நண்டு பிடிக்கவும் வந்துவிடும். வளையின் வாயில் புது மண் ஈரமாகத் தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். முழங்கை வரை கையை விட்டு, கடி வாங்கினாலும் வாங்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, ஓட்டோடு அமுக்கி வெளியே இழுக்க வேண்டும். அதன் பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு கை சேற்றை அள்ளி வளைக்குள் திணித்து, காலால் மிதித்துவிட்டுத்தான் அடுத்த வளைக்குப் போகலாம். அடைக்காமல் போனால் வயலில் கட்டிய தண்ணீர் வளை வழியாக வடிகாலுக்கு ஓடிவிடும். பண்ணையார் வயலில் நாங்கள் நண்டு பிடிப்பதை யாரும் தடுக்காததற்குக் காரணம் அதுதான். நண்டு எங்களுக்கு, வரப்பு அவருக்கு. அப்படியென்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மன்னார்குடி பஸ்ஸில் இறங்கி வெகுதூரம் நடந்தால் வரும் ஊர் எங்களுடையது. நான் அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தேன். ஆட்சி மாறியிருந்த புதிது. வந்தவர்களின் கொடி டீக்கடை வாசலில் பறந்தது. ஏழைகளுக்கு நல்ல காலம் புறப்பட்டுவிட்டதாக டீக்கடை ரேடியோ தினமும் சொன்னது. புறப்பட்ட நல்ல காலம் வழியில் எந்த ஊரில் இறங்கிக்கொண்டதோ, எங்கள் தெருவுக்கு வரவில்லை. வந்தது கூலிக்காரர்களின் சங்கம்தான். தெருமுனையில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். கயிற்றை இழுத்து ஏற்றியவர் என் அப்பா.

சம்பா நடவு முடிந்து களை பறிக்கும் சமயத்தில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. பண்ணையார் தரமாட்டேன் என்றார். தெரு இறங்கிவரமாட்டேன் என்றது. நெல் வரத்து நின்றுபோனது. ஆனாலும் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. காலையில் நண்டு ரசம், மத்தியானம் நத்தைக் கறி, கூடவே வரப்பில் பறித்த கீரை. பண்ணையாரை எதிர்த்து நிற்க அவருடைய வயலே எங்களுக்குச் சாப்பாடு போட்டது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சாப்பாடு கிடைக்கும்வரை அப்பா பணியமாட்டார் என்பது தெருவுக்கும் தெரியும், பண்ணைக்கும் தெரிந்திருக்கும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. கொடிக்கம்பத்தடியில் கூடியிருந்தவர்களிடம் அதைச் சொன்னார்.

"நண்டப் புடிச்சிட்டு வளைய அடைக்கிறோமே, அது யாரு வேல? பண்ணை வேலதானே? கூலி இல்லாம ஒரு கை மண்ணுகூட அவங்க வரப்புக்குப் போடக் கூடாது, ஆமா."

எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை நாளாக இது நமக்குத் தோன்றவில்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் அம்மா மட்டும்தான் கேட்டாள்.

"சண்ட பண்ணையாரோடதானே? வரப்பு என்னங்க பண்ணுச்சு?"

"ஒனக்கு அரசியல் தெரியாது, சும்மா இரு" என்றார் அப்பா.

பிள்ளைகளான எங்களுக்குக் கொண்டாட்டம். பிடிப்பதோடு வேலை முடிந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினோம். எங்களுக்குப் பின்னால் வளைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிந்திவிட்டது. ஆற்றுத் தண்ணீரும் முறை வைத்துத்தான் வந்தது. வந்த தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக வடிகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. பயிர் காய்ந்து மஞ்சளானது, வயல் வெடிப்பு விட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பண்ணையார் கூப்பிட்டு அனுப்புவார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பண்ணையின் காரியக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் மெதுவாக நடந்தார். திறந்து கிடந்த ஒவ்வொரு வளையையும் குனிந்து பார்த்தார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புது ரக நெல் வந்ததிலிருந்து பண்ணைக்குத் தகர டின்களில் மருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பயிரில் விழும் பூச்சிக்குத்தான் அதை அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் காலை நான் சட்டியோடு தனியாகப் போனேன். முதல் வளையின் வாயில் ஒரு சோற்று உருண்டை இருந்தது. அடுத்த வளையிலும் இருந்தது. அந்த வரப்பு முழுக்க, யாரோ பந்தி பரிமாறிக்கொண்டு போனதுபோல, வளைக்கு ஓர் உருண்டை. வெள்ளை வெளேரென்ற நெல்லுச் சோறு. நான் சோற்றைக் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. பண்ணையார் வீட்டில் நண்டுக்குப் படையல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மாட்டுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் நண்டுக்கும் வைக்கலாம் அல்லவா?

நண்டுகள் தாமாகவே வெளியே வந்து வரப்பில் கிடந்தன. தொட்டால் கடிக்கவில்லை. காலை மட்டும் மெல்ல அசைத்தன. வயிறு முட்டத் தின்ற மயக்கம் என்று நினைத்தேன். ஈர மண்ணின் மேல் மண்புழுக்கள் வெளுத்துச் சுருண்டிருந்தன. தவளைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன், எதுவும் மண்டையில் ஏறவில்லை. சட்டி நிறைய நண்டைப் போட்டுக்கொண்டு, தம்பிக்காக இரண்டு உருண்டைகளைப் பாவாடையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அந்த வயலில் ஒரு துண்டு இன்று தம்பியின் பெயரில் பட்டாவாக இருக்கிறது. சங்கம் பட்ட பாட்டுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. ஆனால் அவன் வரப்பில் ஒரு நண்டு வளை கிடையாது. அந்த வருஷம் சோற்றிலும் தண்ணீரிலும் கலந்ததோடு மருந்து நிற்கவில்லை, போகத்துக்குப் போகம் வந்தது. நத்தை போயிற்று, மண்புழு போயிற்று, வயலில் துள்ளிய மீனும் போயிற்று. தண்ணீர் வற்றினால் மண் கட்டாந்தரையாக இறுகிவிடுகிறது, உரம் கூடக் கூடப் போட வேண்டியிருக்கிறது என்கிறான் தம்பி. வரப்பு ஒழுகுவதே இல்லை. எனக்கோ ஒழுகாத அந்த வரப்பில் கால் வைக்கவே மனம் வருவதில்லை.

அன்று நான் முடிச்சை அவிழ்த்ததும் தம்பி உருண்டையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். அப்பா எங்கிருந்து பாய்ந்தார் என்று தெரியாது. அவன் கையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. சோறு மண்ணில் சிதறியது. அப்பா அதை எடுத்து முகர்ந்தார். மண்ணெண்ணெய் போல ஒரு வாடை எனக்கும் முன்பே அடித்திருந்தது. பசியில் அதை நான் பொருட்படுத்தவில்லை. எங்கள் இருவர் கையையும் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நண்டுகளைக் கொல்லையில் குழி வெட்டிச் சட்டியோடு புதைத்தார். தம்பி வீறிட்டு அழுதான். கையில் கிடைத்த சாப்பாட்டை மண்ணில் போட்டு மூடுகிறாரே, இவரெல்லாம் ஒரு அப்பாவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆண்கள் எல்லோரும் வயலைப் பார்க்கப் போனார்கள். எல்லா வரப்பிலும் அதே கதைதான். நண்டு, நத்தை எதையும் இனி தொடக் கூடாது என்று திரும்பி வந்து வீடு வீடாகச் சொன்னார்கள். அன்று எங்கள் தெருவில் ஒரு அடுப்பும் புகையவில்லை.

சாயங்காலம் அப்பா வாசலில் குந்தியிருந்தார். தம்பி பசியில் அழுது அழுது அம்மா மடியில் சுருண்டிருந்தான். நான் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

"அப்பா, நண்டுக்கே சோறு போடறாங்களே. நீங்க போய்க் கேட்டா நமக்குப் போட மாட்டாங்களா?"

"ஏய், வாய மூடுடி" என்று அம்மா பதறினாள்.

அப்பா என்னைக் கோபிக்கவில்லை. என் தலையில் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"போடுவாங்கம்மா. போய்க் கேக்கறேன்" என்றார்.

விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் முதல் ஆளாக அப்பா பண்ணை வயலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கூலி பழைய கூலிதான். காரியக்காரர் கொடுத்த முதல் வேலை, செத்த நண்டுகளை வாரி எறிந்துவிட்டு வளைகளை அடைப்பது.

அன்று வீட்டில் சோறு பொங்கினாள் அம்மா. நானும் தம்பியும் வயிறு புடைக்கச் சாப்பிட்டோம். தட்டின் முன்னால் உட்கார்ந்த அப்பா, ஒரு வாய் அள்ளியவர், அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். நல்ல சோற்றை ஏன் இப்படி வீணாக்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அதையும் தம்பிக்குக் கொடுத்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், நான் யோசனை சொல்லித்தான் எங்கள் அப்பா வேலைக்குப் போனார், நான்தான் எல்லோருக்கும் சோறு வாங்கிக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.