தலை தீபாவளியும் ஒரு மேட்ச்சும்

தொண்ணூறுகளில் எங்கள் தலை தீபாவளி. இரும்புலியூரிலிருந்து செங்கல்பட்டில் இருந்த என் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். லீவு முழுக்க மழை. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் என் கணவர் கிளம்பிவிட்டார்.

"எங்க ஏரியா ஃபுட்பால் டீம் இங்கதான் ஆடுது மாமா."

அவர் வரச் சம்மதித்ததே அதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாப்பிள்ளை நனையக்கூடாதென்று அப்பா குடையோடு பின்னாலேயே போனார். சாப்பிடக் கூப்பிட நான் போனபோது, புது வேட்டியெல்லாம் சேறாக, தான் நனைந்துகொண்டு இவருக்குக் குடை பிடித்தபடி நின்றிருந்தார்.

"மறைக்காம புடிங்க மாமா, கோல் போஸ்ட்டே தெரியல!" என்று இவர் எரிந்து விழுந்தார். அப்பா கையை இன்னும் உயர்த்திக்கொண்டார்.

அப்பா இப்போது இல்லை. அன்றைக்கு யார் கோல் போட்டார்கள் என்று இவர் இன்றும் சொல்வார். குடை பிடித்தது யாரென்று போன வாரம் கேட்டேன்.

"யாரோ புடிச்சாங்க" என்றார்.