பாலைவனப் பூவுக்கு மூன்று நிறம்

செத்த செடிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலையில் செடி சும்மா கிடக்கும். திட்டு வாங்குவது சீட்டு எழுதும் கிராணி. துரைமாருக்குக் கீழே பேனா பிடித்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியில் வந்த பாலைவனம்

பதினைந்து வருஷம் இந்தியாவில் இருந்துவிட்டு மலாயாவில் ஜொகூருக்கே திரும்பினேன். தமிழும் இங்கிலீஷும் படித்தவன் என்பதால் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத் துரை என்னை வைத்துக்கொண்டார். அவருக்கு உலர்ந்த செடிகள்தான் உயிர். எங்கோ ஒரு பாலைவனத்தில், ஒரே மலைப்பிளவில் பூக்கும் பூவை அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் பறித்து அழுத்தி அனுப்பியிருந்தார்கள்.

தாளில் ஒட்டுவது அஞ்சலை. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தவள். நான் மூச்சு விட்டாலே உதிரும் இதழ்கள், அவள் கையில் ஒன்றுகூட உடையாது. பூவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மழையே பாக்காத பூ, இங்க வந்து பூசணம் பிடிக்கப்போகுது, பாவம்லா" என்றாள்.

பூச்சி தின்ற சாட்சி

உலர்ந்த பூவில் நிறம் நிற்காது. பறித்தவர் எழுதியதுதான் சாட்சி. அவர்கள் குறிப்புகளைப் பார்த்து நான் எழுதிய சீட்டுகளில் ஒன்று வெள்ளை என்றது, ஒன்று ரோஜா நிறம், ஒன்று சிவப்பு. ஒரே பூவுக்கு மூன்று நிறமா, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று துரை கொதித்துவிட்டார். மூலக் குறிப்புகளை எடுக்க ஓடினேன். பூச்சி அரித்துச் சல்லடையாகக் கிடந்தன.

ரப்பர் விலை விழுந்து ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம். நாற்பத்தெட்டு வயசில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? துரை தமிழிலேயே சொன்னார்: "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் நீயும் கப்பல்."

அஞ்சலையின் நூல்

"சீட்டை முழுசா வாசிங்க கிராணி" என்றாள் அஞ்சலை. வாசித்தேன். வெள்ளை, மாலை ஆறு மணி. ரோஜா நிறம், காலை ஏழு. சிவப்பு, மறுநாள் பகல்.

அவள் சிரித்துவிட்டாள். "நேரத்தையும் நீங்களே எழுதிட்டு நிறத்துக்கு அழுவுறீங்களே!" பங்களா வாசலில் இரங்கூன் மல்லிக்கொடி படர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை வெள்ளையாக விரிந்த பூவொன்றில் நூல் கட்டி, துரையைக் கூப்பிட்டுக் காட்டினாள். மறுநாள் காலை அதே நூலில் ரோஜா நிறப் பூ. பக்கத்தில் முந்தின நாள் விரிந்த பூக்கள் சிவந்திருந்ததையும் துரை குனிந்து பார்த்தார். பிறகு மூன்று சீட்டுகளின் கீழும் "சரி" என்று கையெழுத்திட்டு, அவளிடம், "நீ எழுதப் படிக்கக் கத்துக்கோ" என்றார்.

"படிக்கிறத கிராணி படிக்கட்டும் தொரே. பூவ நான் பாத்துக்கிறேன்."

இரண்டு மொழி படித்ததால் எனக்குக் கிடைத்த வேலை, எந்த மொழியும் படிக்காதவளின் கண்ணால் எனக்கே மிஞ்சியது.